பதினேழாம் கேள்வி

ஒரு காட்டில் என்று ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. என்ன செய்வது, இது ஐந்து காடுகள் சேர்ந்து அடித்த கூத்து. ஒன்றை மட்டும் சொன்னால் மற்ற நாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். மலைக்காடு, முட்காடு, சதுப்புக்காடு, மூங்கில்காடு, புல்காடு ஆகிய ஐந்தும் கூடிக் 'காடுகள் ஒன்றியம்' என்று ஒன்றை வைத்திருந்தன. ஐந்தும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் சட்டமாகும். அதனால் பல வருஷமாக ஒரு சட்டமும் வரவில்லை. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

அப்புறம் ஒரு கோடையில் ஐந்து காட்டிலும் குளம் வற்றியது. பயந்துபோய் ஒரே மூச்சில் சட்டம் போட்டார்கள். உலகத்தில் சூடு அதிகமாகிவிட்டது. ஆடி முடிவதற்குள் ஒவ்வொரு உறுப்புக் காடும் தன் சூட்டைப் பாதியாகக் குறைக்க வேண்டும். சருகைக் குவித்துச் சூடு உண்டாக்கக் கூடாது. சூடு தேவைப்படுகிறவர்களுக்கு முட்காட்டிலிருந்து வெயில்பாறை வரும். அதை வெயிலில் வைத்தால் நாள் முழுக்கக் கதகதப்பு.

பாறை நல்ல பாறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மலைக்காட்டில் ஆடி மாதம் சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. இதைச் சொல்ல வேண்டிய மலைக்காட்டுப் பிரதிநிதி அன்று திடீர்க் கோடை மழையில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வரவில்லை. வராதவர் சம்மதித்ததாக எழுதிக்கொண்டார்கள்.

அந்த மலைக்காட்டில் பூங்காவனம் என்று ஒரு ராஜநாகம் இருந்தாள். அவளுக்கு விஷம் உண்டே தவிர விஷமம் கிடையாது. உடம்பாலேயே சருகை அணைத்து அணைத்துக் குவித்து, அதற்குள் இருபத்து மூன்று முட்டை இட்டிருந்தாள். சருகு மக்கும்போது வருகிற சூட்டில்தான் அவை பொரியும். இன்னும் பதினைந்து நாள் சூடு குறையாமல் இருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஒன்றியத்திலிருந்து படிவம் வந்தது. நாற்பத்தொரு கேள்வி. பூங்காவனம் வால் நுனியால் ஒன்றுவிடாமல் நிரப்பினாள். பதினேழாம் கேள்வி இது: 'தங்களிடமிருந்து ஆவி போகிறதா? எப்போது?'

மலைக்காட்டில் ஆவி என்றால் சருகு மேட்டில் விடியற்காலையில் வெள்ளையாக எழும்புமே, அதுதான். அவள் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: 'போகிறது. தினமும் காலையில் போகும். நேற்றுக் கொஞ்சம் அதிகமாகவே போயிற்று.'

கேள்வியைத் தயாரித்தது சதுப்புக்காடு. அவர்களுக்கும் அதே அர்த்தம்தான். ஆனால் பதிலைப் படித்த குமாஸ்தாக்கள் முட்காட்டுக்காரர்கள். ஈரமே இல்லாத அந்த ஊரில் ஆவி போனால் ஒரே ஒரு அர்த்தம்தான். பத்தாம் நாள் கடிதம் வந்துவிட்டது.

'தங்கள் மறைவுச் செய்தி கேட்டு ஒன்றியம் ஆழ்ந்த துயரம் அடைகிறது. தாங்கள் தினமும் மறைந்துவருவது மேலும் வருத்தத்துக்குரியது. பதிவேட்டிலிருந்து தங்கள் பெயர் நீக்கப்பட்டது.'

பூங்காவனம் பதறியடித்துக்கொண்டு மலைக்காட்டுக் கிளை அலுவலகத்துக்கு ஊர்ந்தாள். வரிசையில் முன்னால் நின்ற பத்துப் பேருக்கும் அவளைப் பார்த்ததும் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தேவாங்கு உமாபதி. அவரால் ஓட முடியாது. அதனாலேயே அந்த வேலை அவருக்குக் கிடைத்திருந்தது.

"ஐயா, நான் சாகலைங்க."

"மெதுவா பேசுங்க அக்கா." உமாபதி பெரிய கண்ணால் வாசலைப் பார்த்துக்கொண்டார். "நம்ம காட்டுல உங்களை மாதிரி முன்னூத்திப் பன்னிரண்டு பேர் செத்திருக்காங்க. எல்லாம் அந்தப் பதினேழாம் கேள்விதான்."

"அடப் பாவமே!"

"என்ன பாவம்? செத்தவங்க கணக்குல சூடு வராது. நம்ம காட்டுச் சூடு பாதிக்கும் கீழே போயிருச்சு. ஒன்றியத்துலயே முதல் இடம்!"

"அதெல்லாம் எனக்கு வேண்டாங்க. நான் உயிரோட இருக்கேன்னு எழுதுங்க. பிறக்கப்போற பிள்ளைங்களைத் தாயில்லாப் பிள்ளைங்கன்னு ஊர் சொல்லக் கூடாது."

"எழுதறேன். எழுதினா நாளைக்கே காட்டுப்பன்னி ரெண்டு பேர் வந்து உங்க சருகைக் கலைப்பாங்க. பதிலுக்கு இதைத் தருவாங்க." மூலையில் கிடந்த வெயில்பாறையைக் காட்டினார். பூங்காவனம் தொட்டுப் பார்த்தாள். தவளை வயிறு மாதிரி ஜில்லென்று இருந்தது.

"செத்தவங்களோட சருகை என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண முடியாது அக்கா. அதைக் கலைக்கப் படிவமே இல்லை."

பூங்காவனத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறந்ததிலிருந்து ஒரு பொய் சொன்னதில்லை. ஆனாலும் இருபத்து மூன்று முட்டை. "சரிங்க. செத்ததாவே இருக்கட்டும். எங்க கையெழுத்துப் போடணும்?"

"செத்தவங்க கையெழுத்துப் போடக் கூடாது அக்கா."

ஆடிக் கடைசியில் ஒன்றியத் தலைவர் மலைக்காட்டைப் பாராட்ட நேரிலேயே வந்தார். முட்காட்டு வெளிமான் அவர். நல்ல மனசு, நீளமான பேச்சு. காடே வரிசையாக உட்கார்ந்திருந்த கூட்டத்தில் பேச வந்தவர், பக்கத்தில் ஒரு சருகு மேட்டைப் பார்த்து நின்றுவிட்டார். மேலே வெள்ளையாக ஏதோ எழும்பிக்கொண்டிருந்தது.

"அது என்ன?"

உமாபதி அரசு ஊழியர். பொய் சொல்லக் கூடாது. "ஆவிங்க ஐயா."

தலைவருக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. கொம்பைத் தாழ்த்தி வணங்கினார். "உலகம் குளிரத் தங்கள் உயிரையே கொடுத்தவர்களுக்கு ஒரு நிமிட மௌனம்" என்றார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பின்வரிசையில் செத்தவர்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். பூங்காவனம் படத்தைத் தாழ்த்தி நின்றாள்.

அந்த மௌனத்தில் சருகுக்குள் 'டப்' என்றது. அப்புறம் இன்னொரு 'டப்'. ஐயோ, அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது! ஒவ்வொன்றாக இருபத்து மூன்று தலைகள் வெளியே எட்டிப் பார்த்தன.

"ஆகா, புதுக் குடிமக்கள்!" தலைவர் நெகிழ்ந்துபோனார். "எல்லாருக்கும் உடனே ஆளுக்கொரு படிவம் கொடுங்கள்."

"கொடுத்துடலாம் ஐயா," என்றார் உமாபதி. "பதினேழாம் கேள்வியை மட்டும் மாத்திடாதீங்க."

நீதி: உலகத்தைக் காப்பாற்ற உயிரையும் கொடுக்கலாம், படிவத்தில் கொடுத்தால் போதும்.