என் பெயரில் ஒரு படகு

இனிமேல் எந்தப் பெண்ணின் வீட்டிலும் தலை சாய்ப்பதில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை நான் முடிவெடுத்தேன்.

அன்று பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தால் என் புதுச் செருப்பைக் காணவில்லை. கொதிக்கும் மணலில் துள்ளித் துள்ளி வீட்டுக்கு வரும்போதுதான் ஞானம் பிறந்தது. எனக்குச் சொந்தமென்று இருந்தது அந்தச் செருப்பு ஒன்றுதான். அதுவும் போய்விட்டது.

எங்கள் பக்கத்து ஆளென்றால் உங்களுக்கு விளங்கும். வெளியூர் ஆளென்றால் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்முனைப் பக்கம் வீடு என்றால் அது பெண்ணுக்கு. ஆண் என்பவன் அதில் வந்து தங்குபவன். நான் பிறந்தது உம்மாவின் வீட்டில். அது என் அக்காவுக்கு, ராத்தாவுக்குப் போனது. மாப்பிள்ளையாக வந்து ஏறியது சுல்பிகாவின் வீட்டில். அது மூத்தமகள் நதீராவுக்குப் போனது. பிறகு பஸாரில் புடவைக் கடை வைத்து, முழம் போட்டு முழம் போட்டு, பக்கத்து வளவில் இன்னொரு வீடு கட்டினேன். கல்லுக்கு அலைந்ததும் நான். மண்ணுக்கு அலைந்ததும் நான். அது இளையமகள் ஜெனூபாவுக்குப் போனது. இப்போது நானும் சுல்பிகாவும் ஜெனூபாவின் குசினிக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு அறையில் இருக்கிறோம். கருவாட்டுப் பானைக்கும் எனக்கும் நடுவே ஒரு தட்டி மட்டும்தான்.

ஜெனூபாவின் மாப்பிள்ளை றிபாத் தங்கமான பிள்ளை. "மாமா, கூச்சப்படாதீங்க. ஒங்கட வீடு மாதிரி நினைச்சி இருங்க" என்பான். நான் கட்டிய வீட்டை நான் என் வீடு மாதிரி நினைக்க வேண்டுமாம்!

ஆகவேதான் படகு. தண்ணீரில் வளவு இல்லை, வேலி இல்லை. எங்கள் ஊரில் மகளுக்குப் படகைக் கொடுத்து மாப்பிள்ளை எடுத்தவர் ஒருவரும் இல்லை. பகலில் மீன் பிடிப்பேன். இரவில் அதிலேயே படுப்பேன். வாப்பாவின் வழியில் வந்த நற்பிட்டிமுனை வயல்துண்டை விற்ற காசும் கையில் இருந்தது. மீனை நான் அதுவரை சட்டியில் மட்டும்தான் பிடித்திருக்கிறேன். அதனால் என்ன? பழகினால் வந்துவிடும்.

சுல்பிகாவிடம் சொல்லப் போனேன். அஸர் தொழுதுவிட்டு தொழுகைப் பாயில், முஸல்லாவில் இருந்தாள். கையில் தஸ்பீஹ் மணி.

"புள்ள, நான் ஒரு படகு வாங்கப் போறன்."

"ஸுப்ஹானல்லாஹ்."

அது மணி உருட்டி ஓதும் திக்ரா, எனக்குப் பதிலா என்று தெரியவில்லை.

"மீனும் புடிக்கலாம், குடியும் இருக்கலாம். எண்ட பேரில. எண்ட சொந்தத்தில."

"அல்ஹம்துலில்லாஹ்."

"நீ அழுதாலும் நான் நிக்க மாட்டன்."

"அல்லாஹு அக்பர்." மணியை உருட்டி முடித்து, முத்தமிட்டு, மடித்து வைத்தாள். "எப்ப பாக்கப் போற? நானும் வாறன்."

சண்டைக்குக் கச்சை கட்டி வந்தவன் கச்சையோடு நின்றேன். ஒரு கிலோ வெங்காயத்துக்கே என்னோடு ஒத்துப்போகாதவள் ஒரு படகுக்கு ஒத்துப்போகிறாள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

துணைக்கு அவளுடைய தம்பி முஹ்ஸினைக் கூட்டிக்கொண்டோம். அவன் கடலுக்குப் போய் வருகிறவன். முதலில் சாய்ந்தமருதுக் கரையில் ஒரு ஃபைபர் வள்ளத்தைக் காட்டினான்.

"மச்சான், மீனுக்கு இதவிட வள்ளம் இல்ல. அம்பு மாதிரிப் போகும்."

சுல்பிகா அதை ஒருமுறை சுற்றி நடந்தாள்.

"படுக்கிற எங்க தம்பி?"

"அந்தப் பலகையில."

"மழ பேஞ்சா?"

"நனையிற."

"தொழுற எங்க?"

முஹ்ஸின் தலையைச் சொறிந்தான்.

"இதில ஸுஜூதுக்குப் போனா ஒங்கட மச்சானுக்கு நெத்தி கடல்லதான் படும்" என்றாள். அம்பு கரையிலேயே நின்றுவிட்டது.

அடுத்தது வாவியில். ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிற படகு. கூரை உண்டு, இரண்டு பக்கமும் உட்கார நீள வாங்கு உண்டு. நீட்டி நிமிர்ந்து படுத்துப் பார்த்தேன். சொர்க்கம்!

"குடியிருக்க நல்லம்" என்றாள். "மீன் புடிச்சிக் காட்டுங்க பாப்பம்."

வீச்சு வலையைத் தோளில் போட்டேன். இடுப்பை முறுக்கி, பிஸ்மி சொல்லி, முழுப் பலத்தோடு வீசினேன். வலை அழகாக விரிந்தது. கூரைக் கம்பியில் மோதியது. திரும்பி வந்து என் தலையிலேயே விழுந்தது.

"தம்பி, என்ன பட்டிருக்கு எண்டு பாரு."

"கிழட்டுக் கொடுவா ஒண்டு ராத்தா. மறுகா தண்ணிக்குள்ளயே உட்டிருவமா?"

இருவரும் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

திரும்பி வரும்போது ஓட்டோவில் சுல்பிகா மெதுவாகக் கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, கோவிக்காம ஒண்டு சொல்லுங்க. நமக்கு வேணும் எண்டது படகா, வீடா?"

"ஏன் கேக்கிறாய்?"

"படகெண்டா ஒங்கட விருப்பம். நான் வாய் தொறக்க மாட்டன். பகல்ல போயிட்டு மஹ்ரிபோட வீட்ட வந்துரலாம். வீடெண்டா குசினி, கதவு, மறைவு எல்லாம் நான் பாக்கோணும்."

மஹ்ரிபோடு வீட்டுக்கு வருவதா? கருவாட்டுப் பானைப் பக்கத்துக்கா? விடுவேனா?

"வீடுதான்!" என்றேன். "மீன் புடிக்கிற வீடு."

"தம்பி, கேட்டியா?"

"கேட்டன் ராத்தா."

இதையெல்லாம் ஏன் அவனிடம் கேட்கிறாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டுவிட்டேன்.

கடைசியில் பெரியநீலாவணைச் சசிகரனின் படகு. வாவிக்கரையில் கட்டிக் கிடந்தது. பழசுதான், ஆனால் உடம்பு நல்ல உடம்பு. நடுவில் கதவு வைத்த ஒரு அறை. முன்பக்கம் கூரையில்லாமல் வெட்டவெளி.

"பாருங்க நானா," என்று அண்ணன் முறை கொண்டாடினான் சசிகரன், "முன்னால நிண்டு வலை போடலாம், பின்னால குந்தி உலை போடலாம். இது படகில்ல, வீடு."

"நானும் அதத்தான் சொல்றன் தம்பி. வீடு!"

சுல்பிகா உள்ளே போனாள். அடுப்பு வைக்கும் மூலையைச் சாணால் அளந்தாள். கதவுக் கொளுக்கியைப் போட்டுப் போட்டு எடுத்தாள். தலையை வெளியே நீட்டினாள்.

"தம்பி, படகு சுழண்டா தொழுற கிப்லாத் திசயும் சுழண்டு போகுமே?"

"முன்னுக்கு ஒரு நங்கூரம், பின்னுக்கு ஒரு நங்கூரம் போட்டா அசையாது அக்கா."

"அப்ப இதுதான்" என்றாள்.

வாங்கிவிட்டேன். அடுத்த நாளே பஸாரில் நின்று ஊரைக் கூப்பிட்டேன். தேத்தண்ணிக் கடையில் சொன்னேன். பள்ளிவாசலில் சொன்னேன். "எண்ட வீட்ட வாங்க. ஓம், எண்ட வீடு. சொந்த வீடு." இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவருக்கு நெஞ்சு எரிந்ததோ என்னவோ, தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பிப் போனார். அவரும் என்னைப்போல ஒரு சாய்ப்பு அறைக்காரர்.

சுல்பிகா இன்னொரு தரமும் கேட்டாள்.

"குடிபோற அண்டைக்குப் பால் காய்ச்சுவமா?"

"படகுக்கு யாரு புள்ள பால் காய்ச்சின?"

"அப்ப படகா?"

"வீடு! வீடு! காய்ச்சு, நல்லாக் காய்ச்சு!"

அந்தக் காலைப்பொழுதை என்னவென்று சொல்வேன்! வாவிக்கரை முழுக்கச் சனம். மௌலவி வந்து துஆ ஓதினார். படகின் பின்பக்கத்தில் பால் பொங்கியது. பாற்சோற்றுச் சட்டியோடு ஜெனூபா, அவளுடைய சின்ன மகள் பஸ்மினா, நதீரா, அயலட்டைப் பெண்கள் எல்லாரும் எனக்கு முன்னே ஏறிவிட்டார்கள். நான் புதுச் சாரன், புதுத் தொப்பி, அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வாங்கிய புதுச் செருப்போடு வந்தேன். ராசா வருகிறார், ராசா.

ஏறுபலகையடியில் முஹ்ஸின் செம்பும் கையுமாக நின்றான்.

"மச்சான், செருப்பக் கழட்டிட்டுக் கால நீட்டுங்க."

சுற்றிவரத் தண்ணீர். அதற்குள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கால் கழுவுகிறான்! மரியாதை என்றால் இது மரியாதை. நீட்டினேன். ஊற்றினான். எனக்குக் கண் கலங்கியது. எங்கள் கல்யாணத்தன்றும் இவன்தான், பல் விழுந்த பொடியனாக, இதே மாதிரிக் கால் கழுவிவிட்டான். பழைய ஞாபகத்தில், அன்று செய்ததுபோலவே, கை தானாகப் போய் மோதிரத்தைக் கழற்றி அவன் விரலில் போட்டது. பெண்கள் குரவையிட்டார்கள்.

குரவை அடங்கவும் எனக்குள் ஏதோ சுருக்கென்றது.

"நில்லுடாப்பா. கால் கழுவி ஏத்துற யார?"

"மாப்பிள்ளைய."

"எங்க ஏத்துற?"

"பொண்ணுட வீட்டுக்குள்ள."

"இது படகு!" என்று கத்தினேன். "படகு! எஞ்சின் இரிக்கி! நங்கூரம் இரிக்கி!"

"ஓட்டோக்குள்ள வீடெண்டீங்களே மச்சான்."

"எனக்கிட்டயும் வீடெண்டுதான் சொன்னீங்க நானா" என்றான் சசிகரன், பாற்சோற்று வாயோடு.

"தேத்தண்ணிக் கடையிலயும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அறைவாசலில் சுல்பிகா நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். குரலை உயர்த்தாமலே சொன்னாள்.

"எண்ட உம்மா தந்த வீட்டயும் குடுத்திட்டன். நீங்க கட்டின வீட்டயும் குடுத்திட்டன். கருவாட்டுப் பானைக்குப் பக்கத்தில நானுந்தானே படுத்த? எனக்கும் ஒரு வாசல் தா நாயனே எண்டு ஒவ்வொரு தொழுகையிலயும் கேட்டன். அவன் ஒங்கட வாயால வீடெண்டு சொல்ல வெச்சான். கால் கழுவியாச்சி. வாங்க, வந்து ஏறுங்க."

துஆவோடு எப்படிச் சண்டை பிடிப்பது? கழுவிய காலைப் பார்த்தேன். மோதிரமில்லாத விரலைப் பார்த்தேன். செருப்பை எடுத்து முன்பக்கத்தில் வைத்துவிட்டு ஏறினேன்.

"சரி புள்ள. ஒண்ட வீடே. இனியாவது கடைசி மட்டும் இதில இரிக்கலாம்தானே? யாரும் எழுப்ப மாட்டாங்கதானே?"

சுல்பிகா படகின் முன்பக்கம் பார்த்தாள். அங்கே இரண்டு கன்னத்திலும் பாற்சோறு பூசிக்கொண்டு பஸ்மினா இருந்தாள்.

"தாராளமா இருங்க. பஸ்மினாக்கு மாப்பிள்ள எடுக்குமட்டும் இருங்க."

கரைக்கு இறங்கி நாலடி நடந்தாலாவது ஆறும் என்று, எனக்கென்று மிச்சமிருந்த அந்தச் செருப்பைத் தேடினேன்.

பஸ்மினா அதை ஒவ்வொன்றாக வாவிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.