பச்சை உடுப்புக்காரரும் நாலாவது ஆளும்

பயப்படுவதற்குப் படிப்புத் தேவையில்லை. ஆனாலும் நான் சூரிச்சில் பல்கலைக்கழகம் போய், கட்டணம் கட்டிப் பயந்தவள்.

உக்ரைனின் கிரிமியாவில் நாட்டுச் சின்னம் இல்லாத பச்சைச் சீருடையில் ரஷ்யப் படையினர் வந்து நின்றதற்கு அடுத்த வருடங்கள் அவை. எங்கள் வகுப்பில் ஒரே சண்டை. இப்படி மறைந்து நடத்தும் 'கலப்புப் போர்' என்பது ரஷ்ய இராணுவத்தின் கோட்பாடா, மேற்கு நாட்டவர் ஒட்டிய பெயரா? ரஷ்யர்களோ, மேற்கு நாடுகள் தங்களுக்குச் செய்வதைத்தான் அந்தப் பெயரால் அழைத்தார்கள். சண்டையைத் தீர்த்துவைக்க நான் புறப்பட்டேன். 'தான் யாரென்றும் சொல்லாமல், போரென்றும் சொல்லாமல் ஒருவரை நிலைகுலைய வைக்கும் எதுவும் கலப்புப் போரே' என்று கட்டுரையில் எழுதினேன். பேராசிரியை ஓரத்தில், "இதற்குள் அடங்காதது எது?" என்று கேட்டிருந்தார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன். (வயசு அப்படி.)

அதை விரித்து எழுத, செப்டம்பரில் எங்கடின் மலைப் பள்ளத்தாக்குக்குப் போனேன். அப்பா அங்கே ஒரு ஹோட்டலில் சமையல், அம்மா சலவைப் பகுதியில். காட்டோரமாக ஊழியர் வீடு. பருவ வேலையாட்கள் போய்விட்டதால் எங்களைத் தவிர யாருமில்லை. அடுத்த வாரம் அம்மா அப்பாவுக்கு ஊர்க் குழுவின் முன்னால் சுவிஸ் குடியுரிமை நேர்காணல்.

"பிள்ளை, ஒரு கிழமைக்கு ஒரு வில்லங்கமும் வேண்டாம்," என்றுவிட்டு அப்பா அம்மாவோடு வேலைக்குப் போனார்.

அவர்கள் போன கையோடு மூடுபனி வந்து ஜன்னலில் ஒட்டியது. இணையம் நின்றது. கைபேசியில் ஒரு கோடும் இல்லை. வழக்கமாகக் கேட்கும் மாட்டு மணிகளும் கேட்கவில்லை. ஆளில்லாத மேல்மாடியில் பலகை முனகியது. (மரவீடு குளிருக்கு முனகும் என்று பிறகு சொன்னார்கள்.)

பனி கொஞ்சம் விலகியபோது மரங்களின் முன்னால் ஒருவன் நின்றான். பச்சை உடுப்பு, முகத்தைச் சுற்றித் துணி, கையில் நீளக் குழல் துவக்கு. நெஞ்சில் எந்தச் சின்னமும் இல்லை. பனி மூடி மறுபடி விலகியது. இப்போது நாலு பேர். இருமவில்லை, அசையவில்லை. ஒருவன் மெதுவாகக் கையை உயர்த்த, எல்லோரும் பனிக்குள் மறைந்தார்கள். என் வரையறையைச் சொல் சொல்லாகப் பொருத்திப் பார்த்தேன். அச்சொட்டாகப் பொருந்தியது. அதன் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

படிக்கட்டடியில் இருந்த பழைய தொலைபேசியில் பொலிசை அழைத்து, ஆயுததாரிகள் வீட்டைச் சுற்றிவளைத்துவிட்டார்கள் என்றேன். சைரனோடு வந்தார்கள்.

அது மான் வேட்டைக் காலம். காலையிலிருந்து மூச்சடக்கிக் காத்திருந்த வேட்டைக்காரர்களின் மான், அந்தச் சத்தத்துக்கு இத்தாலி வரைக்கும் ஓடியிருக்கும். கையை உயர்த்தியவர் முகத் துணியை இறக்கினார். பொலிஸ்காரருக்கு நான் ரஷ்யாவையும் கலப்புப் போரையும் விளக்கியதை அவர் ஒரு சொல் விடாமல் கேட்டார். அவர்தான் ஊர்க் குடியுரிமைக் குழுவின் தலைவர்.

நேர்காணலுக்கு மகளையும் கூட்டிவரச் சொல்லி அழைப்பு வந்தது.

"தினமும் உங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகிறேன். என்னைத் தெரியவில்லையா?" என்று தலைவர் என்னிடம் ஜெர்மனில் கேட்டார்.

"தெரியவில்லை."

"ரஷ்யன் என்று மட்டும் எப்படித் தெரிந்தது?"

குடும்பம் ஊராரை அறிந்துகொள்ளட்டும் என்று விண்ணப்பத்தை ஒரு வருடம் தள்ளிவைத்தார்கள்.

அந்த வருடம் முழுக்க அப்பா ஊர் விருந்துகளுக்குப் போய், யாழ்ப்பாணத் தூள் போட்டு மான் கறி சமைத்தார். சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட் வந்தது. நான் என் வரையறையை அழித்து, 'கலப்புப் போர்' என்ற சொல்லை யார், யாரைப் பற்றி, எதற்காகச் சொல்கிறார்கள் என்று எழுதித் தேறினேன்.

இப்போதும் ஒவ்வொரு செப்டம்பரிலும் தலைவர் தன் கூட்டாளிகளோடு இறைச்சி கொண்டுவருவார். என்னைக் கேலி செய்ய, பச்சை உடுப்பில் பெரிய எழுத்தில் பெயர் அட்டை குத்தியிருப்பார்கள். மூன்று அட்டைகள்.

"அன்றைக்கும் நாங்கள் மூன்று பேர்தான்," என்று தலைவர் சத்தியம் செய்கிறார்.

அதனால் எங்கள் வீட்டில் செருப்பைக் காணோம் என்றாலும், கறியில் உப்புக் கூடினாலும் பழி நாலாவது ஆளுக்குத்தான். கதவைத் திறக்கும் அப்பா, வந்தவர்களை எண்ணிவிட்டுக் காட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பார்.

"மற்ற ஆள் இந்த முறையும் வரேல்லையோ?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, போய் ஜன்னல் திரையை இழுத்து மூடுவேன்.