செல்லம்மாவுக்கு ஊசி போட்டாச்சா?

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பூனைகளுக்குப் பெரட்டுக் கூப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் லயத்துப் பூனைக் கங்காணிதான். காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களைக் கூட்டி வேலை பிரிப்பார்களே, அதே தோரணையில் வாசலில் நின்று குரல் கொடுப்பார். ஒரு பூனையும் வராது. "இன்னிக்கு எல்லாருக்கும் அரைப்பேருதான்!" என்று அரை நாள் கூலியை வெட்டிவிட்டு உள்ளே போவார்.

போன வருடம் பக்கத்து டிவிஷனில் ஒரு விசர் நாய் வெறிபிடித்துத் திரிந்தது. பூனைகளுக்கும் தடுப்பூசி போட மிருக வைத்தியர் வந்தார். கங்காணி தானாகவே தலைமை ஏற்றார். ஊசி போட்ட பூனைக்கு அடையாளமாக மைப்பொட்டு வைப்பது அவருடைய யோசனை. ஆனால் ஊசிக்குத் தூக்கிப் போகும் பிள்ளைக்குக் கண்பட்டுவிடும் என்று பொட்டு வைக்கும் எங்கள் பெண்கள், பூனைக்கும் வீட்டிலேயே வைத்துத்தான் கொண்டுவந்தார்கள்.

போதாததற்கு, லயத்தில் வரிசை வீடுகளைப் பிரிக்கும் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. முதல் வீட்டில் பால் குடித்த பூனை மேலாலேயே நடந்து கடைசி வீட்டில் கருவாடு தின்னும். வீட்டுக்கு ஒரு பெயர். ஒரே பூனையை மூன்று வீட்டார் மூன்று பெயரில் தூக்கிவந்தார்கள்.

கடைசியில் கங்காணிக்கே வியர்த்தது. தன் வெள்ளைச் செல்லம்மாவுக்கு ஊசி போட்டாயிற்றா, இல்லையா?

"போட்டாச்சு மாமா, நான் பாத்தேன்" என்றாள் பக்கத்து வீட்டுப் புஷ்பம்.

"அது ஒன் வெள்ளப்பூன லட்சுமி இல்லியா?"

"அப்ப லட்சுமிக்குப் போட்டாச்சா?" அவளும் குழம்பிப்போனாள்.

"சந்தேகம்னா இன்னொரு தடவ போடலாம், பரவாயில்ல. போடாம மட்டும் விட்றாதீங்க" என்றார் வைத்தியர். செல்லம்மாவோ கூரைக்குள் ஏறிவிட்டாள். வைத்தியரின் ஜீப்பும் போய்விட்டது.

மறுநாள் விடியுமுன் கங்காணி வெள்ளைப் பூனையைச் சாக்கில் போட்டுக்கொண்டு பதுளை மிருக ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார். ஊசி போட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தால், கட்டிலில் செல்லம்மா! சாக்கிலிருந்து இறங்கியது லட்சுமி. மூக்குக்கண்ணாடி போட்டால் வயசாகிவிடும் என்பது அவர் கொள்கை.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, ராத்திரியில இது என் கழுத்துலதான் தல வச்சுத் தூங்குது. இதுக்கு அந்த நோய் வந்துட்டா நா என்னா செய்வேன்? நாளைக்கும் போறேன்."

தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சாக்கை மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன். உள்ளே இருப்பது செல்லம்மாதானா என்று வழி நெடுக எட்டிப் பார்த்தேன்.

"வருஷா வருஷம் கொண்டுவாங்க" என்று சொல்லிக்கொண்டே வைத்தியர் ஊசியை எடுத்தார். செல்லம்மா சும்மா இருந்தாள். கங்காணிதான் கண்ணை இறுக மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு.