நாற்பது நிமிட நிபுணர்

உங்களுக்கு இவரைத் தெரியும். மலேசியாவில், கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார். எதையும் முதல் நாற்பது நிமிடம் பார்ப்பார். தீர்ப்பை முழுதாகச் சொல்லிவிடுவார். இந்த இனத்தில் முற்றிய வகை ஒன்று உண்டு: பழைய கணினி விளையாட்டின் இரண்டாம் பாகம் வெளிவரத் தன் கைக்காசைப் போட்டவர்.

யுகேந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பத்து மூன்று, பண்டமாரான்வாசி, துறைமுகத்தில் வேலை. பள்ளி நாட்களில் அவர் வீட்டுக் கணினியில் 'கலங்கரைத் தீவு' என்றொரு சாகச விளையாட்டு இருந்தது. ஒற்றைக்கண் மாலுமி ஒருவன் கயிறு, உடைந்த விளக்கு, ஓர் ஆடு என்று கண்டதையெல்லாம் பையில் திணித்துக்கொண்டு, எதை எதோடு சேர்த்தால் கதவு திறக்கும் என்று அலைவான். கதவு திறக்கும் நேரம் பார்த்து யுகேந்திரனின் அப்பா கமலநாதன் வந்து பிளக்கைப் பிடுங்குவார்.

பல வருடம் கழித்து, ஊர் கூடித் தேர் இழுக்கலாம் வாருங்கள் என்று அந்த விளையாட்டைச் செய்தவர்கள் இரண்டாம் பாகத்துக்காக இணையத்தில் உண்டியல் வைத்தார்கள். யுகேந்திரன் ஓடிப்போய் வடம் பிடித்தது பக்தியால் மட்டுமா? கூடுதலாகப் போட்டவர்களின் பெயர் விளையாட்டுக்குள் ஒரு கடைப் பலகையில் வரும் என்றார்களே! பிடுங்கிய பிளக்குக்கெல்லாம் அப்பாவுக்கு அதுதான் பதில் என்று முடிவு செய்துவிட்டார். தேர் ஆறு வருடம் நகரவில்லை. அந்த ஆறு வருடமும், கல்யாண வீடானாலும் காதுகுத்தானாலும், தன் பெயர் வரப்போவதை அவர் சொல்லாத ஆளில்லை.

போன மாதம் முதல் அத்தியாயம் மட்டும், காசு போட்டவர்களுக்கு மட்டும், வந்தது. சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸ் கடையில் தே தாரிக் டீ ஆறுவதற்குள் தொடங்கிவிட்டார்.

"இது ரிவியூ இல்ல லா. ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன் மட்டும்தான்."

இந்த வாக்கியம் காதில் விழுந்தால் எழுந்து போய்விடுங்கள். நான் எழவில்லை, அனுபவித்தேன். படங்கள் அழகாக இருக்கின்றனவாம், அதுதான் குறையாம். மாலுமி வேகமாக நடக்கிறானாம். பழையதில் அவன் கப்பலைக் கடப்பதற்குள் ஒரு கிளாஸ் மைலோ குடித்துவிடலாமாம், அதில்தான் உயிர் இருந்ததாம். அன்றைய கணினி அவ்வளவு மெதுவானது என்று அவரிடம் யார் சொல்வது? ஆடும் முன்னைப்போல் இல்லையாம். விளையாடியது நாற்பது நிமிடம். பேசியது ஒன்றரை மணி நேரம்.

அவருடைய நண்பர் ஜீவன் ரொட்டி சானாயைப் பிய்த்தபடி, பெயர் வந்ததா என்று கேட்டார். யுகேந்திரன் கைப்பேசியை நீட்டினார். திரையில் ஒரு விடுதி. பலகையில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து: 'அல் கமலநாதன்'.

நடந்தது இதுதான். படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அடையாள அட்டையில் உள்ளபடி இரண்டாவது கட்டத்தில் 'ஏ எல் கமலநாதன்', அதாவது மலாய்ச் சுருக்கத்தில் கமலநாதனின் மகன், என்று நிரப்பியிருக்கிறார். எங்கோ பனிநாட்டில் இருப்பவர்கள் அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்து, இரண்டு எழுத்தையும் சேர்த்து 'அல்' என்று படித்து, கல்லாவில் மீசைக்காரக் கிழவர் ஒருவரையும் உட்காரவைத்துவிட்டார்கள்.

"மகன்ங்கிற அந்த ரெண்டு எழுத்துதான் என்னுது," என்றார் யுகேந்திரன். "அதையும் அவருக்கே குடுத்துட்டானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. திருத்தச் சொல்லி எழுதுங்கள் என்றேன். அன்றே எழுதுவதாகச் சொன்னார்.

எழுதவில்லை. ஏன் என்று மறுவாரம் பண்டமாரான் வீட்டுக்குப் போனபோது தெரிந்தது. எழுபத்தாறு வயது கமலநாதன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, தன் விடுதிக்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார். சோறு ஆறுகிறது என்று மகன் மூன்றாவது முறை கூப்பிட்டார்.

"இரு லா, கதவு தொறக்கப் போகுது," என்றார் பெரியவர்.

யுகேந்திரனின் கைக்கு எட்டும் தூரத்தில் பிளக் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கயிற்றை ஆட்டோடு சேர்க்கச் சொன்னார்.

கிளம்பும்போது விளையாட்டு எப்படி என்று பெரியவரிடம் கேட்டேன். "பரவால்ல தம்பி. ஆனா பழசு மாதிரி வராது," என்றார். பழசை அவர் பார்த்ததெல்லாம் பிளக்கைப் பிடுங்கக் குனிந்த நேரத்தில்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படித்த நாலாவது வரியிலேயே, இந்த மாதிரி கேலி எழுத்தெல்லாம் முன்னைப்போல் இல்லை என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? தோன்றியிருந்தால் சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸுக்கு வாருங்கள். மின்விசிறிக்குக் கீழே யுகேந்திரன் நகர்ந்து இடம் கொடுப்பார்.