திருச்சி விமானத்தில் நான் ஏறாதது குறித்து

மரியாதைக்குரிய மச்சான் வீரபாண்டி அவர்களுக்கு,

சவுதி யான்பு கேம்ப்பிலிருந்து உங்கள் தங்கச்சி மாப்பிள்ளை கார்மேகம் வணக்கம் சொல்லி எழுதுவது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனசில்தான். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சிமெண்ட் கடையும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். வாய்ஸ் மெசேஜ் போட்டால் நீங்கள் அதைக் கடையில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பீர்கள், மூட்டை இறக்குகிறவர்கள் உட்பட முதுகுளத்தூரே கேட்கும். அதனால் நாளை லீவில் கிளம்பும் என் ரூம்மேட் விமலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் தங்கச்சி உமாராணியின் போன் ஆறு நாளாக சுவிட்ச் ஆஃப். செட் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று நீங்கள் மெசேஜ் போட்டீர்கள். ஆறு நாள் ரிப்பேர் பார்க்க அது என்ன ரிஃபைனரியா மச்சான். அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, என்னோடு பேசப் பிடிக்காமல் அணைத்து வைத்திருக்கிறாள், நீங்கள் பெரிய மனசு பண்ணி மறைக்கிறீர்கள். நாகலிங்கம்தான் வந்து சொல்லியிருப்பார். அவருக்குத் தெரிந்தது பாதிதான், மீதியை நானே சொல்லிவிடுகிறேன். முதலில் ஒன்று, பெண் விவகாரம் எதுவும் கிடையாது. ஆமிரா என்று ஒரு பெயர் பின்னால் வரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

போன மாதம் கம்பெனியில் என் ஒரு மாத லீவை இரண்டாக வெட்டி, பதினைந்து நாள் இப்போது, மீதி பொங்கலுக்கு என்றார்கள். சொல்லாமல் வந்து வாசலில் நின்று உமாவைத் திடுக்கிட வைக்கலாம் என்று வீட்டில் மூச்சுவிடவில்லை. ஜித்தாவுக்குப் பஸ் பிடித்து, ஷரஃபியாவில் டிக்கெட் கடை வைத்திருக்கும் ஃபவாஸிடம் போய் மதுரைக்குக் கேட்டேன். அந்த மலையாளி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "மதுரை மாஃபி பாய். ஒரு வாரத்துக்கு சீட்டே இல்லா. கோலாலம்பூர் போயி திருச்சி இருக்கு. ஒரு ராத்திரி அங்க தங்கணும், விசா வேண்டா" என்றான். வீட்டுக்கு மேலேயே பறந்து அந்தப் பக்கம் போய்விட்டு மறுபடி திரும்பி வருவதா என்று கேட்டேன். "சீப் ஆணு" என்றான். அதற்கு மேல் நான் என்ன பேச. தங்குவதற்கு ஹாஸ்டல் ஒன்றில் ஒரு கட்டிலும் அவனே போட்டுக் கொடுத்தான்.

ஹாஸ்டல் என்றதும் காலேஜ் பிள்ளைகள் விடுதி என்று நினைத்துவிட்டேன். யாராவது கேட்டால் காட்டலாம் என்று என் மகள் விஜியின் காலேஜ் அடையாள அட்டைப் படத்தை போனில் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. அறைக் கதவைத் திறந்தால் அடுக்குக் கட்டில்கள், கம்பியில் ஈரத் துண்டுகள், கட்டிலுக்கு அடியில் பெட்டிகள், வாசலில் செருப்புக் குவியல், சமையலறைச் சுவரில் அவரவர் தட்டை அவரவர் கழுவவும் என்று நோட்டீஸ். யான்புவிலிருந்து நான் கிளம்பவே இல்லையோ என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாகக் கம்பெனி எனக்குச் சும்மா கொடுப்பதை டென்மார்க்கிலிருந்து வந்த பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கிப் படம் வேறு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பசிக்கு ஏதாவது வாங்கலாம் என்று தெருவில் இறங்கினேன். அதுதான் நான் செய்த தப்பு. நம்ம கேம்ப் மெஸ்ஸில் செவ்வாய் என்றால் பருப்பு, புதன் என்றால் முட்டை, கண்ணை மூடிக்கொண்டு தின்றாலும் நாக்கு கிழமையைச் சொல்லிவிடும். இங்கே அடுத்த வண்டியில் என்ன இருக்கும் என்றே தெரியவில்லை. தேங்காய்ப் பாலில் வெந்த சோற்றை வாழை இலையில் மடித்து, நடுவில் நெத்திலியும் சிவப்புச் சம்பலும் வைத்து ஒருவர் விற்றார். அதைத் தின்றுகொண்டே நடந்தால், வேர்க்கடலையும் சர்க்கரையும் தூவி மடித்த ஒரு தோசையை இன்னொருவர் நீட்டினார். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து, அடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து, நாலு தெரு போய்விட்டேன். அதுவரையிலும்கூட, காலையில் திருச்சிக்குப் போகிறோம் என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

காலையில் ஏர்போர்ட்டில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாகலிங்கம், நம்ம கமுதி ரோட்டில் உரக்கடை வைத்திருந்தவர். இப்போது மலேசியாவில் மகனோடு இருக்கிறாராம். "அட, கார்மேகமா? லீவா?" என்றார். "ஆமாண்ணே." "எத்தனை நாளு?" "பதினஞ்சு." "எப்பத் திரும்புற?" மச்சான், நான் இன்னும் விமானமே ஏறவில்லை. ஒவ்வொரு லீவிலும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் இதைத்தான் கேட்கிறார்கள், நீங்களும் கேட்பீர்கள், குற்றமாகச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எல்லாரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள், உமா தையலுக்குப் போய்விடுவாள், நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, போகிற தேதியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் ஞாபகம் வந்தது. நாகலிங்கம் தோளில் கை போட்டு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று அவரிடம் சொன்னவன், நேரே வெளியே வந்து டவுனுக்கு ரயில் ஏறிவிட்டேன். டிக்கெட் போனது போனதுதான்.

ஈப்போவில் இரண்டு நாள், பிறகு பினாங்கு. அங்கே ஹாஸ்டலைப் பார்த்துக்கொள்கிறவள்தான் இந்த ஆமிரா, தமிழ் பேசுகிற முஸ்லிம் வீட்டுப் பெண், நம்ம விஜியைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். முதல் நாளே லார்ஸ் என்ற டென்மார்க் பையன், எவ்வளவு காலமாக வெளியே இருக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டான். பதினெட்டு வருஷம் என்று உள்ளதைச் சொன்னேன். அறையிலிருந்த எல்லாரும் என் கட்டிலைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களெல்லாம் ஆறு மாதம், எட்டு மாதம் முதுகுப்பையோடு சுற்றுகிறவர்கள். எங்கெல்லாம் போயிருக்கிறீர்கள் என்றான். யான்பு, ஜுபைல், ரஸ் லஃபான், ருவைஸ் என்று வளைகுடாவில் நான் சாரம் கட்டிய ஊர்களை வரிசையாகச் சொன்னேன். ஒருவருக்கும் தெரியாத ஊர்களாகத் தேடிப்பிடித்துப் போயிருக்கிறார் என்று ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் திருத்தவில்லை. இருபது கிலோவுக்குள் பெட்டி கட்டுவது எப்படி என்று பாடம் நடத்தினேன். வாழ்க்கையில் முதல்முறையாக என்னை நாலு பேர் வாய் பார்த்தார்கள். லார்ஸ் மட்டும், எப்போது நிறுத்துவீர்கள், களைப்பாக இல்லையா என்று கேட்டான். மகள் காலேஜ் முடிக்கட்டும் என்றேன். அவனுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு வழக்கம்போல விழித்து, பாதித் தூக்கத்தில் கட்டில் கம்பிகளைத் தட்டி, "யால்லா, யால்லா, பஸ் வந்தாச்சு" என்று ஃபோர்மேன் குரலில் கத்திவிட்டேன். எட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். லார்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கி ஓடியே விட்டான். காலையில் ஆமிரா கூப்பிட்டதும், காலி செய்யச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "அங்கிள், யாரும் கம்ப்ளெய்ன் பண்ணல லா. லார்ஸுக்கு உண்மையிலயே அஞ்சு மணிக்கு பஸ்ஸாம், நீங்க இல்லன்னா விட்டிருப்பானாம். நாளைக்கு மூணு பேரை எழுப்ப முடியுமான்னு கேக்கறாங்க" என்றாள். அன்றிலிருந்து யாரை எத்தனை மணிக்கு எழுப்புவது என்று என் கட்டிலில் சீட்டு ஒட்ட ஆரம்பித்தார்கள். ஆடுகிற கட்டில்களுக்கு நானே நட்டு முறுக்கினேன். சும்மா இருக்கத்தான் போனேன் மச்சான், முடியவில்லை.

உமா தினமும் கூப்பிடுவாள். ஒரு நாள் தெருக்கடையில் இரும்புச் சட்டியில் நூடுல்ஸ் புரட்டிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டாள். "அங்க என்னங்க சத்தம்?" "சாரம் அடிக்கிறாய்ங்க." "மழை பெய்யிற மாதிரியில்ல கேக்குது." "தண்ணி லாரி." "சாப்ட்டீங்களா?" "சாப்ட்டுக்கிட்டு இருக்கேன்." அன்றைக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். போனை வைத்த பிறகு தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, கொஞ்ச தூரம் நடந்து, அடுத்த கடையில் உட்கார்ந்தேன்.

லீவு முடிந்து யான்பு திரும்பி ஒரு வாரம் ஆகிறது. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. டூட்டி விட்டு வந்தால் பங்களாதேஷ்காரர்கள் ரூமில் மீனும், நேபாளிகள் ரூமில் மோமோவும் கேட்டு வாங்கித் தின்றுகொண்டு கேம்ப்பையே சுற்றி வருகிறேன். விமல் என்னை டாக்டரிடம் போகச் சொல்கிறான். வீட்டின் மேல் பிரியம் இல்லாமல் போகவில்லை மச்சான், அதை மட்டும் உமாவிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். நாகலிங்கம் எதைச் சொல்லியிருந்தாலும் அது அவ்வளவுதான். இனி எந்த லீவும் நேரே மதுரைதான், எந்த ஊர் வழியாகவும் இல்லை. பொங்கலுக்கு வந்து அவள் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். கடையில் வியாபாரம் நாளுக்கு நாள் பெருகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
கார்மேகம்

பி.கு.: கவரை ஒட்டி வைத்த பிறகு உமா கூப்பிட்டாள், அதனால் பிரித்து எழுதுகிறேன். தையல் குழுப் பெண்கள் இருபது பேரோடு வேன் பிடித்து ஆறு நாள் கோவா போயிருந்தாளாமே. ரிப்பேர் என்று உங்களைச் சொல்லச் சொன்னதும் அவள்தானாம். பேச்சோடு பேச்சாக விசாரித்தேன், நாகலிங்கம் ஊருக்கு வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. "சொல்லியிருந்தா வேணாம்னு சொல்ல மாட்டீங்க. ஆனா மணிக்கு ஒருதரம் போன் போட்டு எங்க இருக்க, எங்க இருக்கன்னு கேப்பீங்க" என்றாள். நல்லா இருந்துச்சா என்று கேட்டேன். "திரும்பி வரவே மனசில்லங்க" என்றாள். ஆகவே மேலே எழுதியதில் ஒரு வரியும் அவள் காதுக்குப் போக வேண்டாம். கிழித்துப் போடத்தான் கவரைப் பிரித்தேன், மனசு வரவில்லை, யாராவது ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். கடைசியாக அவள், "நீங்க எப்பவாச்சும் இப்படிச் சும்மா எங்கயாச்சும் போயிருக்கீங்களா?" என்று கேட்டாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "டூட்டிக்கு நேரமாச்சு" என்று வந்தது, போனை வைத்துவிட்டேன். இன்று வெள்ளிக்கிழமை, எனக்கு டூட்டி கிடையாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.