அப்பாவின் மதியத் தூக்கக் கட்டுரையும் அத்தை அனுப்பிய பச்சைப் பொட்டலமும்

பெருமதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

சியாயியிலிருந்து தங்கள் தம்பி மகள் பெய்-ஹான் பணிவுடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். தைபேயில் மழை விடாமல் பெய்வதாகத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அந்தச் செய்தி தங்கள் முழங்காலுக்கு எட்டாமல் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். நிலாத் திருவிழாவன்று எங்கள் வீட்டிலிருந்து ஒருவர்கூடத் தங்களை அழைக்கவில்லை என்றும், தாங்கள் மாலை முழுவதும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பம்பளிமாஸ் உரித்துக்கொண்டிருந்ததாகவும், “என் தம்பிக்கு அக்கான்னு ஒருத்தி இருக்கறதே மறந்துபோச்சு” என்று தாங்கள் சொன்னதாகவும் அம்மா தெரிவித்தார். மன்னிப்புக் கடிதம் எழுதும் வேலை எனக்கு வந்தது. “உங்கப்பா எழுத ஆரம்பிச்சா அடிக்குறிப்பு போட்டுக்கிட்டே உக்காந்திருப்பாரு, நீயே எழுது. பொய் எதுவும் சேக்காத, நம்ம வீட்டுல நடந்ததே போதும்” என்றார் அம்மா. ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் அப்பாவின் கட்டுரை. அப்பாவின் தொடக்கப் பள்ளியில் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகள் எல்லாரும் மேசைமேல் கையை மடித்துத் தலைவைத்துத் தூங்குவார்கள். எங்கள் பள்ளியிலும் அப்படித்தான், தாங்களும் அப்படித்தான் வளர்ந்தீர்கள். புதிதாக வந்த தலைமையாசிரியர் லியாவுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. “இந்த நேரத்துல தினம் பத்து இங்கிலீஷ் வார்த்தை படிச்சா ஆறாவது முடிக்கறதுக்குள்ள எவ்வளவு ஆகும், நீங்களே கணக்குப் போடுங்க தூ சார்” என்றாராம். அப்பா கணக்குப் போட்டார், ஆனால் வேறு கணக்கு. தன் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தூங்கிய நாளிலும் தூங்காத நாளிலும் கழித்தலில் எத்தனை தப்பு செய்கிறார்கள் என்று ஒரு வருடம் குறித்துவைத்து, தூங்கியவர்கள் பக்கம்தான் நியாயம் என்று கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் காட்டினார். தலைமையாசிரியர் பார்க்கவே இல்லை. “நீங்க சொல்லி நான் கேக்கறதா? ஒரு கல்வி ஆய்விதழ் காது கொடுத்துக் கேக்கட்டும், அப்புறம் நானும் கேக்கறேன். நவம்பர்க் கடைசியில கூட்டம் வெச்சிருக்கேன்” என்றார். அத்தை, அந்தக் கூட்டத்தில் தூக்கம் போய்விட்டால், அந்தப் பிள்ளைகள் எல்லாரும் நல்ல வெயில் நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைக் கத்திக்கொண்டிருப்பார்கள். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் எடுக்கும் தங்களுக்கு ஆய்விதழ்களின் குணம் தெரிந்திருக்கும். அப்பாவுக்குத் தெரியவில்லை. முதல் தடவை அனுப்பியதும் கட்டுரை போன வேகத்தில் திரும்பி வந்தது. யாரும் படிக்கக்கூட இல்லை. வரிக்கும் வரிக்கும் இடைவெளி போதவில்லை, சுருக்கம் பெருக்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அது உண்மைதான். அப்பா சுருக்கத்தையே “அன்று நல்ல வெயில்” என்று தொடங்கியிருந்தார். திருத்தி அனுப்பினார், மறுபடி வந்தது. இந்த முறை, எழுதியவர் யார் என்று கட்டுரையில் எங்குமே தெரியக்கூடாது, படித்து மதிப்பிடுகிறவர் முகம் பார்க்காமல் மதிப்பிட வேண்டும் என்ற விதியை மீறிவிட்டதாகக் குற்றச்சாட்டு. அப்பா அட்டையில் பெயரை எடுத்திருந்தார். ஆனால் வகுப்பு தூங்கும் படத்தில், பிள்ளைகளுக்கு நடுவே தானும் மேசைமேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அடியில் “வலமிருந்து மூன்றாவது: கட்டுரையாளர்” என்று குறிப்பு வேறு.

அப்போதுதான் நான் பொறுப்பை ஏற்றேன். எனக்கு விதிகள் பிடிக்கும். இதழின் வழிகாட்டியை அச்செடுத்து, மூன்று நிறப் பென்சிலால் கோடு போட்டுப் பள்ளிப் பேருந்திலேயே படித்தேன். பக்கத்து இருக்கைப் பெண், “என்னடி, காதல் கடிதமா?” என்று கேட்டாள். “இல்ல, ஓரம் எவ்வளவு விடணும்னு போட்டிருக்கு” என்றதும் வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். சீன நூல்களுக்கு அகலமான காற்புள்ளி, ஆங்கில நூல்களுக்கு ஒடுக்கமான காற்புள்ளி. அப்பா இரண்டையும் கலந்து தெளித்திருந்தார். நூற்பட்டியலைக் குடும்பப் பெயரின் சீன எழுத்தில் எத்தனை கோடு இருக்கிறதோ அந்த வரிசையில் அடுக்க வேண்டுமல்லவா, அதற்காக அம்மாவும் அப்பாவும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, விரலைக் குழம்பில் தொட்டு மேசைமேல் பெயர்களை எழுதி எழுதிக் கோடு எண்ணினார்கள். “இந்த வளைவு ஒரு கோடுதாங்க.” “ரெண்டு.” “நாப்பது வயசுல வந்து எழுத்து கத்துக்குடுக்கறீங்களா எனக்கு?” “நான் வாத்தியார்டீ!” “நாலாவதுக்குத்தானே!” அன்று இரவுச் சாப்பாட்டில் கால்வாசி நூற்பட்டியலுக்கே போனது.

பெயரை நீக்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாடு. பள்ளியின் பெயரை எடுத்தேன், ஊரை எடுத்தேன், தூங்கும் படத்தை எடுத்தேன். கோப்புக்குள்ளேயே ஒளிந்திருந்த “உரிமையாளர்: பெய்-ஹான்” என்பதையும் கண்டுபிடித்து அழித்தேன். இல்லாவிட்டால் கட்டுரையை நான்தான் எழுதினேன் என்று ஆகியிருக்கும். ஆனால் நன்றியுரையை எடுக்க மட்டும் அப்பா விடவில்லை. பிள்ளைகள், பள்ளிச் செவிலி, சாப்பாடு சமைக்கிற அம்மாக்கள், கடைசியில் தாங்கள் என்று பக்கம் முழுக்க நன்றி. “நன்றி சொல்லாம அனுப்பறதுன்னா, விருந்து சாப்பிட்டுட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டு எழுந்து போற மாதிரிம்மா” என்றார். நான் அழித்தேன். மறுநாள் அது அடிக்குறிப்பில் இருந்தது. அழித்தேன். அதற்கடுத்த நாள் இரண்டாம் அட்டவணைக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில், செவிலிக்கும் சமையல் அம்மாக்களுக்கும் மட்டும் நன்றி. “அப்பா!” என்றேன். “ரொம்பச் சின்னதாத்தானே போட்டிருக்கேன்” என்றார். அதையும் அழித்தேன். முன்னுரையில், வாயில் கொய்யாத் துண்டோடு மேசையில் தூங்கிப்போன ஒரு சிறுவனைப் பற்றியும், மேல்வகுப்பு மாணவி ஒருத்தி ஓடிவந்து விரலை விட்டு அதை வெளியே எடுத்ததைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. தூங்குவதற்கு முன் பிள்ளைகள் வாய் கொப்பளிக்க வேண்டும் என்ற அப்பாவின் பரிந்துரைக்கு அது எடுத்துக்காட்டு. அதில் பெயர் ஏதும் இல்லாததால் விட்டுவிட்டேன். அத்தை, இப்போது அந்தக் கட்டுரையை இந்த உலகத்தில் எவர் படித்தாலும் எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. இதை என் புத்தக அலமாரிமேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்.

இப்படியே நிலாத் திருவிழா வந்துவிட்டது. அன்று மாலையோடு கெடு முடிகிறது. தெரு முழுக்க வாசலில் அடுப்பு வைத்து இறைச்சி சுட்டுக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தோம். கணினியின் தலைமேல், தாங்கள் அனுப்பிய பச்சைப் பொட்டலம், தேங்காய்ப்பால் வாசனைச் சோளப்பொரி. அது இருந்தால்தான் எந்திரம் சொன்னபடி கேட்கும், பச்சைதான் ஆகும், மஞ்சள் ஆகாது, தேதி தாண்டக்கூடாது, பிரிக்கவே கூடாது என்பதெல்லாம் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் யாரோ கதவைத் தட்டினார்கள். தலைமையாசிரியர் லியாவ், பண்டிகை மரியாதைக்கு இரண்டு பம்பளிமாஸோடு நின்றார். அப்பா செருப்பு எடுத்துக்கொடுக்க, அம்மா தேநீர் வைக்கப் போக, நான் நாற்காலி தேட, அவர் பாட்டுக்குக் கணினிப் பக்கம் போயிருக்கிறார். நாற்காலியோடு திரும்பி வந்தால் ‘கறுக் கறுக்’ என்று சத்தம் கேட்கிறது.

“சார், நீங்க சாப்பிடறது...” என்றார் அப்பா.

“ரொம்ப நல்லா இருக்கு தூ சார். காலையிலேர்ந்து எல்லார் வீட்டுக்கும் போறேன், யாரும் வாய்க்கு ஒண்ணும் குடுக்கல. இன்னொரு பொட்டலம் இருக்கா?”

அதே நொடியில் மூன்றாம் அட்டவணை படுத்துக்கொண்டது. பக்க எண்கள் நடுவிலிருந்து தொடங்கின. கோடு எண்ணி அடுக்கிய பெயர்களெல்லாம் சந்தையில் மாடு மிரண்டதுபோலக் கலைந்தன. பிறகு திரை அப்படியே உறைந்துபோயிற்று. அம்மா தேநீர்த் தட்டோடு வந்து பார்த்து, “ஐயோ, இவரு கட்டுரையையே தின்னுட்டாரே!” என்றார். தலைமையாசிரியர் கையிலிருந்த காலிப் பொட்டலத்தைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார், கணினியின் வெறும் தலையைப் பார்த்தார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே, முகம் வெளுத்துவிட்டது. “எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் மேலயும் வெச்சிருக்கேன். அதை நான் தொடறதே இல்ல. இங்க... பசியில... கவனிக்கல தூ சார்.” மிச்சமிருந்த நாலைந்து பொரியைத் திருப்பிப் பொட்டலத்துக்குள் போட்டார். அதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

உடனே வேறு பொட்டலம் வாங்கி வர, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார். பண்டிகை நாள், கடையெல்லாம் கரியும் தொத்திறைச்சியும்தான். எங்கே கேட்டாலும் மஞ்சள் பொட்டலம்தானாம். ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம்வரை போய், ஒரு பச்சையைக் கண்டுபிடித்து, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கணினிமேல் வைத்துக் குனிந்து வணங்கி, “தெரியாம செஞ்சுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். திரை விழித்துக்கொண்டது. அவர் வெளியே போயிருந்த நேரத்தில் நான் கணினியை அணைத்து மறுபடி போட்டிருந்தேன் என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன். எதனால் விழித்தது என்று நான் முடிவு சொல்ல மாட்டேன், சான்று போதாது.

தலைமையாசிரியருக்கு வியர்வை வழிந்தது. “தூ சார், இது போய்ச் சேரட்டும். அச்சாகணும்னுகூட நான் சொல்லல. வாசலைத் தாண்டி, படிச்சுப் பாக்கற ஒரு ஆள் கைக்குப் போயிட்டாலே போதும், அடுத்த வருஷம் முழுக்கத் தூக்கத்துல நான் கை வைக்க மாட்டேன். இந்தப் பொட்டலம் சாட்சி” என்றார். அம்மா வான்கோழிச் சோறு போட்டார். இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு, பம்பளிமாஸ் தோலுக்கு நடுவே மேசைமேல் கையை மடித்துத் தலைவைத்துத் தூங்கிப்போனார். “எழுந்ததும் ஒரு கழித்தல் கணக்கு குடுத்துப் பாக்கலாமா?” என்று அப்பா என் காதில் கேட்டார். “பேசாம அட்டவணையை நிமித்துங்கப்பா” என்றேன். அவருடைய குறட்டையைக் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் எல்லாவற்றையும் மறுபடி அடுக்கி, கெடு முடிவதற்குள் அனுப்பினோம். அதன்பின் மூவரும் அப்படியே சாய்ந்துவிட்டோம். போன் ஞாபகமே வரவில்லை. இதுதான் அத்தை, நடந்தது.

அன்றிலிருந்து அப்பா தினமும் பல் விளக்கும் முன்பே இதழின் தளத்தைப் பார்க்கிறார். “வடிவம் சரிபார்க்கப்படுகிறது” என்றே இருக்கிறது. வெள்ளிக்கிழமை கூட்டம். தலைமையாசிரியரும் தினம் வந்து, “தாண்டிருச்சா?” என்று கேட்கிறார். தாண்ட வேண்டும் என்று கேட்கிறாரா, வேண்டாம் என்று கேட்கிறாரா என்று அப்பாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்கள் குற்றத்தைத் தாங்கள் பெரிய மனதோடு பொறுத்தருள வேண்டும். தங்கள் முழங்கால் நலம்பெறவும், தங்கள் மாணவர்கள் ஓரம் விட்டு எழுதக் கற்கவும் வேண்டுகிறேன். அம்மாவும் அப்பாவும் தங்கள் நலம் விசாரிக்கிறார்கள்.

தங்கள் அன்புள்ள,
தூ பெய்-ஹான்

பின்குறிப்பு: உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் போன் செய்துவிட்டீர்கள். ஆகவே மேலே இருக்கும் மன்னிப்புக்கு இனி வேலை இல்லை. நீங்கள் பேசியதை அப்பா சத்தமாக வைத்துக் கேட்டதால் எனக்கும் கேட்டது. “டேய், போன வாரம் ஒரு கட்டுரை எனக்கு வந்துச்சு, மதிப்பிடச் சொல்லி. பேரு இல்ல, ஊரு இல்ல, சுத்தமா துடைச்சு வெச்சிருந்துச்சு. முன்னுரையில கொய்யா வருது. அந்தக் கொய்யாவை எடுத்தது என் விரல்டா! நீ கடிச்ச தழும்பு இன்னும் இருக்கு! என் தம்பி எழுதினதை நான் தொடக்கூடாது, வேற ஆளுக்கு அனுப்புங்கன்னு திருப்பி எழுதிட்டேன். இதை உன்கிட்ட சொல்றதே தப்பு.” அப்பா பதிலுக்கு, “அக்கா, அப்போ படிக்கற ஆள் கைக்கு வந்துடுச்சா?” என்று மட்டும் கேட்டார். “வராமலா திருப்பி அனுப்பினேன்? தளத்துல இன்னும் மாத்தியிருக்க மாட்டாங்க” என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேசியது அவருக்குக் கேட்டிருக்காது, ஏனென்றால் அவர் வாசலுக்கு ஓடிவிட்டார். இப்போது தலைமையாசிரியர் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

ஆகவே, எவராலும் கண்டுபிடிக்க முடியாது என்று மேலே நான் எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அடுத்து படிப்பவருக்காவது தெரியாமல் இருக்க அந்தக் கொய்யா வரியை எடுத்துவிடச் சொல்லி இதழுக்கு எழுதட்டுமா என்று, அப்பா செருப்பு மாட்டும்போதே கேட்டேன். “மத்த நன்றியெல்லாம் நீ எடுத்துட்ட, நான் எதுவும் சொல்லல” என்றார் அப்பா. “அதை எடுத்தா அந்தப் பையன் மூச்சு முட்டிச் செத்துப்போவான்.”