சீமாட்டியின் இடது கால்

அன்புள்ள என் பேத்திக்குப் பாட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், ஒருத்தியைத் தவிர. நீ நலமா என்று விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருப்பதால் விசாரித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் கடிதத்தில் முறை தவறமாட்டேன்.

விஷயம் இதுதான். உன் கோழி சீமாட்டிக்குக் கால் போய்விட்டது. நேற்றுவரை கொல்லைப்புறத்தில் மற்றக் கோழிகளை அதட்டிக்கொண்டு திரிந்தவள், இன்று காலை கூண்டைத் திறந்தால் இடது காலை நீட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். தவிடு பிசைந்து முன்னால் வைத்தால், மற்றவையெல்லாம் அவளை மிதித்துக்கொண்டு தின்றுவிட்டுப் போகின்றன. உன் சித்தப்பா எட்டிப் பார்த்து, "ஏம்மா கலங்குற? ஞாயித்துக்கிழமைக்கு ஆச்சு" என்றான். "உனக்குக் கால் சுளுக்கினப்ப நான் சட்டியையாடா தேடினேன்?" என்று கேட்டேன். அப்புறம் ஆள் கொல்லைப் பக்கமே வரவில்லை.

துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனேன். கொண்டை, கண், வாய் எல்லாம் பார்த்தார். "காலைக் காட்டுங்கம்மா" என்றார். கால் இறகுக்குள்ளே நீ கட்டிய நீல நூல் இருக்கிறதே! வேலைக்குப் புறப்பட்ட அன்று, குஞ்சாயிருந்தவளுக்கு உன் தலை ரிப்பனில் இழை உருவிக் கட்டி, "இது என் கோழி பாட்டி, நான் வந்துதான் அவுப்பேன்" என்றாயே. அந்த மனிதர் கையில் கத்தரிக்கோல் வேறு. "தூரத்துல இருந்தே பாருங்க" என்று துண்டை இழுத்து மூடிவிட்டேன்.

"காலைப் பாக்காம கால் நோயை எப்படிம்மா சொல்றது?"

"அப்புறம் எதுக்குய்யா அவ்வளவு படிச்சீங்க?"

பெருமூச்சு விட்டார். அடியாக இருக்கலாம், சத்துக் குறைவாக இருக்கலாம், காலை முடக்குகிற தொற்றுநோயாகவும் இருக்கலாமாம். மற்றவற்றுக்குப் பரவாமல் தனியறையில் வைக்கச் சொன்னார்.

இந்த வீட்டில் தனியறை என்றால் உன் அறைதான். சாக்கு விரித்து அவளை உட்காரவைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவுக்குப் பின்னால் உன் மஞ்சள் குடை அப்படியே தொங்குகிறது. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் கழுத்தைத் தூக்குகிறாள். நானும் தூக்குகிறேன். கோழிக்கு என்ன தெரியும், போகிற வண்டியெல்லாம் நம் வாசலில் நிற்கும் என்று நினைக்கிறது.

வா என்று யாரையும் கெஞ்சுகிற வழக்கம் எனக்கு இல்லை. எனக்காக நீ வரவே வேண்டாம். உன் கோழி சாகக் கிடக்கிறது, ஒரு தடவை முகம் காட்டிவிட்டுப் போ. அவ்வளவுதான்.

நோய்நொடி அண்டாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, மகராசியாக இரு.

இப்படிக்கு,
உன் பாட்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போனபோது சீமாட்டி தன் காலைத் தானே கொத்திக்கொண்டிருந்தாள். இறகை விலக்கிப் பார்த்தேன். நோயும் இல்லை, ஒன்றும் இல்லை. குஞ்சுக் காலுக்குக் கட்டிய நூல். கால் வளர்ந்துவிட்டது, நூல் வளரவில்லை. வெட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நொண்டிக்கொண்டே உன் கட்டிலில் ஏறித் தலையணையை அசிங்கம் பண்ணிவிட்டாள். ஆகவே நீ பதறிக்கொண்டு வரவேண்டியதில்லை. ஆனால் நூல் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பாவுக்கு எல்லாக் கோழியும் ஒன்றுதான். புது நூல் நீதான் கட்ட வேண்டும். கால் வளர வளர நீயே வந்து வந்து அவிழ்த்துக் கட்டு.